உறைபனி இரவுகளில் நீர்ப்பம்பியைக் காத்தல்

இலங்கை வெப்பவலய நாடாயினும், அதன் மத்திய மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆண்டுதோறும் சில இரவுகளில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் மிகுகின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள நுவரெலியாவிலும், அதனை அடுத்துள்ள சீதாஎலிய, கந்தப்பளை, மீப்பிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல முதலிய இடங்களிலும் சனவரி, பெப்ரவரி மாதங்களில் இத்தகைய இரவுகளை எதிர்பார்க்கலாம். சில ஆண்டுகளில் இக்குளிர் திசெம்பர் இறுதியிலேயே தொடங்குவதும் உண்டு. விடியற்காலையில் புற்றரைகளும் மரக்கறிப் பாத்திகளும் உப்புத் தூவியது போல வெண்மையாகக் காணப்படும். துகள் உறைபனி என்று வழங்கப்படுவது இதுவே.

உறைபனியால் உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி ஆகிய பயிர்கள் கருகுவதைக் கமக்காரர் நன்கறிவர். கோவா, லீக்ஸ், கரட் ஆகியவை இக்குளிரை ஓரளவு தாங்குவதையும் அவர்கள் அனுபவத்தில் கண்டுள்ளனர். ஆயினும், அதே இரவில் ஓடைக்கரையிலும் கிணற்றருகிலும் திறந்த வெளியில் கிடக்கும் நீர்ப்பம்பி, குழாய்கள், தெளிகருவி ஆகியவற்றுக்கு நேரும் கேடு பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. உறைபனிக் காலையிலேயே பயிருக்கு நீர் தெளிக்க வேண்டியுள்ளது. பம்பி உறைந்து நிற்பதும் அதே காலையிலேயாகும். ஆதலால், பம்பியைக் காத்தல் என்பது இயந்திரத்தை மட்டும் காப்பதன்று. அப்போகத்தின் விளைவையும் காப்பதாகும்.

உறைபனி உண்டாகும் விதம்

பகலில் சூரிய வெப்பத்தைப் பெற்ற நிலம் இரவில் அவ்வெப்பத்தை ஆகாயத்தை நோக்கி வெளிவிடுகின்றது. முகில் இருப்பின் அது போர்வை போல நின்று அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை நிலத்துக்குத் திருப்பி அனுப்பும். வானம் தெளிவாகவும், காற்று அசைவின்றியும், வளி உலர்ந்தும் இருக்குமாயின் வெப்பம் தடையின்றி வெளியேற, நிலமும் அதனையொட்டிய வளியும் விரைவாகக் குளிர்ந்துவிடும். ஆள் உயரத்தில் தொங்கவிடப்பட்ட வெப்பமானி 3 அல்லது 4 பாகை சதம அளவையைக் காட்டும்போதே, புல்லின் மட்டத்தில் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடும்.

குளிர்ந்த வளி வெப்பமான வளியிலும் பாரமானது. எனவே அது நீரைப் போலச் சரிவுகள் வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். பம்பிகளோ பெரும்பாலும் ஓடைக்கரையிலும் பள்ளத்துக் கிணற்றின் பக்கத்திலுமே வைக்கப்படுகின்றன. தோட்டம் முழுவதிலும் மிகக் குளிர்ந்த இடம் அதுவேயாகும். மேட்டிலுள்ள வீட்டு முற்றத்தில் உறைபனி காணப்படவில்லை என்பதைக் கொண்டு பள்ளத்திலுள்ள பம்பிக்கு ஆபத்தில்லை எனக் கருதுதல் தவறு.

நீர் உறையும்போது நிகழ்வது

பெரும்பாலான பொருள்கள் குளிரும்போது சுருங்குகின்றன. நீரும் 4 பாகை வரை சுருங்கியே செல்லும். அதன் பின்னர் சிறிது சிறிதாக விரிந்து, 0 பாகையில் பனிக்கட்டியாகும்போது பெரிதும் விரிகின்றது. ஏறத்தாழ 11 லீற்றர் நீர் 12 லீற்றர் பனிக்கட்டியாகும். மூடிய இடத்தில் அடைபட்ட நீர் உறையுமாயின், இந்த மேலதிக ஒரு பங்குக்கு இடமின்மையால் அது தன்னைச் சூழ்ந்துள்ள சுவரைத் தள்ளும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்கும் தன்மையதன்று. ஆகவே அது வெடிக்கும். செப்பு, பித்தளை, பிளாஸ்ரிக் ஆகியவற்றாலான மெல்லிய பாகங்கள் இன்னும் எளிதில் பிளந்துவிடும்.

இந்நாட்டின் உறைபனி விடியலுக்கு முந்திய சில மணி நேரமே நிலைப்பது. குளிர் நாடுகளிற் போல வாரக்கணக்கில் நீடிப்பதில்லை. ஆதலால் நீர் நிரம்பிய பெரிய பம்பியின் உடல் முற்றாக உறைந்து பிளப்பது அரிது. இதனை நம்பியே பலர் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். ஆனால் கேடு விளைய முழு உறைவு வேண்டியதில்லை. பம்பியினுள்ளே சுழலும் விசிறிச் சில்லுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள வெளி மிகச் சிறியது. அங்கே மெல்லிய பனித்தகடு ஒன்று உண்டானாலே சில்லு இறுகிவிடும். அந்நிலையில் கயிற்றை வலித்து இழுத்தால் கயிறோ, சில்லைத் தண்டுடன் பிணைக்கும் ஆப்போ முறியும். தண்டைச் சூழ்ந்த நீர்க்காப்பு வளையம் கிழியும். மின்பம்பியாயின், சுழல முடியாத மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சிறிது நேரத்தில் கம்பிச்சுருள் எரிந்துபோகும்.

மேலும், நீர் சிறிதளவே தங்கும் பாகங்கள் முதலில் உறைகின்றன. அமுக்கமானியின் குழல், தெளிகருவியின் பித்தளைத் தண்டும் மூக்கும், வடிகட்டியின் கிண்ணம், நிலத்தின் மேல் நிற்கும் குழாய் முனை, வால்வுகள் ஆகியன இவ்வகையின.

நெடுங்குளிர் நிலவும் நாடுகளில் ஏரிகளில் மோட்டார் படகு வைத்திருப்போர் இவ்வுண்மையைத் தம் வழக்கமாகவே கொண்டுள்ளனர். படகின் பின்புறத்தில் பூட்டப்படும் மோட்டார், ஏரி நீரையே உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்வது. படகைக் கரையேற்றியதும் அம்மோட்டாரைச் சாய்த்தோ கிடத்தியோ வையாது நிமிர்த்தி நிறுத்துவர்; உள்ளிருக்கும் நீர் தானே வடிந்துவிடும். படகின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பர்; மழைநீர் தேங்குவதில்லை. மோட்டாரின் அடிப்பெட்டியிலுள்ள பற்சில்லு எண்ணெய் பால் போல வெளுத்திருக்கின்றதா என்றும் பார்ப்பர்; வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது என்பது பொருள்; அந்நீர் உறைந்தால் பெட்டி பிளக்கும். விலையுயர்ந்த மருந்தோ கருவியோ இதற்கு வேண்டப்படுவதில்லை. நீர் தங்காதிருக்கச் செய்வதே காப்பு. நுவரெலியாக் கமக்காரரின் பம்பிக்கும் இவ்விதியே பொருந்தும்.

பம்பி ஓடாத காலையின் விளைவு

நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஒரு கிலோகிராம் நீர் பனிக்கட்டியாகும்போது வெளிப்படும் வெப்பம் 80 கிலோகலோரி ஆகும். இலைகளின் மேல் இடைவிடாது நுண்ணிய நீர் விழுந்து உறைந்துகொண்டேயிருப்பின், அவ்வெப்பம் இலையை 0 பாகைக்குக் கீழே அதிகம் இறங்கவிடாது தடுக்கும். சுழல் தெளிப்பான் கொண்டு பயிரைக் காப்பது இம்முறையினாலேயே.

ஆனால் இதில் ஒரு பேராபத்தும் உண்டு. நீர் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகின்றது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி வேண்டும். அதாவது, உறையும்போது கிடைப்பதிலும் 7 மடங்குக்கு மேலான வெப்பம் இழக்கப்படும். ஆகையால் தெளித்தல் இடையில் நின்றால், நனைந்த இலைகள் நனையாத இலைகளிலும் விரைவாகக் குளிர்ந்து கருகும். புல்மட்ட வெப்பநிலை 0 பாகையை அடையுமுன்னரே தெளித்தலைத் தொடங்க வேண்டும். சூரியன் எழுந்து, இலைகளின் மேலுள்ள பனிக்கட்டி உருகி விழும்வரை அதனை நிறுத்தலாகாது. பாதி வழியில் நின்றுவிடும் பம்பி, தொடங்காத பம்பியிலும் அதிக தீங்கு செய்யும்.

சுழல் தெளிப்பான் இல்லாதோர், சூரிய ஒளி பாத்தியில் விழுமுன் றப்பர்க் குழாயால் நீர் தெளித்து, இலைகளின் மேற் படிந்த பனியைக் கழுவிவிடுதல் வழக்கம். பனி மேற்பரப்பில் மட்டும் படிந்துள்ள இலேசான உறைபனியில் இது பயன் தரும். இலையின் உட்பாகமே உறைந்துவிட்டதாயின் பின்னர் ஊற்றும் நீரால் அது மீளாது. எனவே இங்கும் காலந்தாழ்த்தல் ஆகாது. சனவரி மாதத்தில் சூரியன் ஏறத்தாழ காலை 6.25 மணிக்கு எழுகின்றது. அதற்கு முந்திய ஒரு மணி நேரம் கமக்காரருக்கு மிகவும் பெறுமதியுடையது. இறுகிய பம்பியோடு போராடி அந்நேரம் கழியுமாயின், மூன்று மாத உழைப்பும் விதைக்கிழங்குக்கு இட்ட முதலும் அக்காலையிலேயே அழிந்துபோகும்.

உறைபனி வரும் அறிகுறிகள்

பின்வருவன ஒருங்கே காணப்படும் மாலைகளில் உறைபனியை எதிர்பார்க்கலாம்.

1. பிற்பகலிலிருந்து வானம் முகிலின்றித் தெளிவாயிருத்தல்; இரவில் விண்மீன்கள் மிகத் துலக்கமாகத் தெரிதல்.
2. பகலில் வீசிய உலர்ந்த வடகீழ்க் காற்று மாலையில் முற்றாக அடங்குதல்.
3. பாத்தியின் மட்டத்தில் வைத்த வெப்பமானி நள்ளிரவுக்கு முன்னரே 4 பாகைக்கு இறங்குதல்.
4. வளிமண்டலவியல் திணைக்களம் நுவரெலியா மாவட்டத்துக்கு உறைபனி பற்றி முன்னறிவித்தல்.

வெப்பமானியைச் சுவரில் தொங்கவிடாமல் பம்பி நிற்கும் பள்ளத்திலேயே, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தல் வேண்டும். முகில் மூடிய இரவிலும் காற்று வீசும் இரவிலும் உறைபனி உண்டாவது அரிது. எனினும், நள்ளிரவுக்குப் பின்னர் முகில் விலகுவதும் உண்டாதலால், சனவரி, பெப்ரவரி மாதங்களில் ஒவ்வொரு மாலையிலும் பம்பியை வடித்து வைப்பதே சிறந்த வழக்கமாகும். இதற்குக் கால் மணி நேரமே செல்லும்.

மாலையில் செய்ய வேண்டியவை

1. எரிபொருள்: மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னதாகப் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். காபுரேற்றரில் பெற்றோல் நின்றால்தான் குளிர்ந்த காலையில் இயந்திரம் எளிதில் தொடங்கும். இயந்திரம் ஆறிய பின்னர் தாங்கியை நிரப்பி வைத்தல் நன்று. அரைகுறையாக உள்ள தாங்கியின் உட்சுவரில் இரவுக் குளிரால் நீர் படிந்து, அடியிற் சேர்ந்து, எரிபொருட் கிண்ணத்தில் உறைந்து வழியை அடைக்கக்கூடும். நிரம்பிய தாங்கி, இடைவிடாது தெளிக்க வேண்டிய காலைக்கும் உதவும்.

2. பம்பியின் உடல்: அடியிலுள்ள வடிப்புத் திருகைக் கழற்றுவதோடு, மேலேயுள்ள நீரூற்றுத் திருகையும் திறத்தல் வேண்டும். மேலிருந்து காற்றுப் புகாவிடின் நீர் முற்றாக வடியாது. வடிப்புத் துளையில் சேறோ இலையோ அடைத்திருப்பின் கம்பியால் குத்தி நீக்க வேண்டும். பின்னர் இயந்திரம் தொடங்காதபடி நிறுத்தற் பொத்தானை இட்டு, கயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால், சில்லின் இதழ்களிடையே தங்கிய நீரும் வெளியேறும். கழற்றிய திருகுகளைப் புல்லில் இடாமல் ஒரு தகரப் பேணியிலிட்டுப் பம்பியின் கைப்பிடியிலேயே கட்டி வைக்க வேண்டும். இருளில் திருகைத் தேடிக் காலையை இழப்போர் பலர்.

3. உறிஞ்சு குழாய்: இதன் முனையிலுள்ள அடி வால்வு, நீர் திரும்பிப் போகாது பிடித்து வைப்பது. ஆதலால் பம்பியை வடித்தாலும் குழாயில் நீர் நிற்கும். குழாயைக் கழற்றி, வால்வின் நாக்கைக் குச்சியால் தள்ளி நீரை வெளியேற்றிச் சரிவான இடத்தில் கிடத்த வேண்டும். நிலையாகப் பொருத்திய குழாயாயின், வால்வின் நாக்கை மேலிருந்து தூக்கக்கூடிய கம்பி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

4. வெளியேற்று குழாய்கள்: றப்பர்க் குழாயையும் துணிக் குழாயையும் ஒரு முனையிலிருந்து சுருட்டி வந்தால் உள்ளிருக்கும் நீர் மறுமுனையால் வெளியேறும். பிளாஸ்ரிக் குழாய்களை ஓரடி ஆழத்தில் புதைத்து வைத்தல் சிறந்தது. இப்பகுதியின் உறைபனி மண்ணின் மேற்பரப்பையே பாதிப்பதால் அவ்வாழத்தில் நீர் உறையாது. நிலத்தின் மேலுள்ள பகுதிக்கு அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிப்பு வாய் அமைக்க வேண்டும். உருண்டை வடிவ அடைப்புள்ள வால்வுகளைப் பாதி திறந்த நிலையில் விடுதல் வேண்டும். முற்றாக மூடினால் உருண்டையின் துளையினுள் அடைபட்ட நீர் உறைந்து வால்வைப் பிளக்கும்.

5. மின்பம்பி: பிரதான ஆளியை நிறுத்திய பின்னரே எந்தத் திருகையும் தொடல் வேண்டும். பம்பி தானாக ஓடும்படி ஆளி அமைக்கப்பட்டிருப்பின் அவ்வமைப்பையும் இரவில் நிறுத்திவிட வேண்டும்.

6. காலைக்கு வேண்டிய நீர்: வடித்த பம்பி மீண்டும் நீர் ஊற்றினாலன்றி உறிஞ்சாது. 2 அங்குலக் குழாயின் ஒவ்வொரு மீற்றரும் ஏறத்தாழ 2 லீற்றர் நீரைக் கொள்ளும். எனவே 6 மீற்றர் நீளமான உறிஞ்சு குழாய்க்கு 12 லீற்றரும், பம்பியின் உடலுக்குச் சில லீற்றரும் தேவைப்படும். தானே நீரெடுக்கும் வகைப் பம்பிக்கு அதன் உடலை நிரப்பினாற் போதும். இந்நீரை மாலையிலேயே மூடியுள்ள கலன்களில் நிரப்பி வீட்டினுள், அடுப்பங்கரை போன்ற இடத்தில் வைத்தல் வேண்டும். இதனை மறந்தால் முன் சொன்னவை யாவும் பயனின்றிப் போகும்.

நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரங்கள்

சிறிய நீர்ப்பம்பி இயந்திரங்கள் பெரும்பாலும் காற்றினால் குளிர்விக்கப்படுவன. அவற்றின் இயந்திரப் பகுதியில் நீர் இல்லை. ஆனால் இரு சில்லு உழவு இயந்திரத்திலும் பெரிய டீசல் இயந்திரங்களிலும் நீர்த்தொட்டியோ றேடியேற்றரோ உண்டு. அவற்றில் வெறும் நீர் நிற்குமாயின், இயந்திரத்தின் வார்ப்புக்கே ஆபத்து நேரலாம். பழுதான பம்பியை மாற்றலாம். பிளந்த இயந்திர உடலைத் திருத்துவது பெருஞ்செலவு.

திறந்த நீர்த்தொட்டியுள்ள இயந்திரத்தில் நீர் கொதித்து ஆவியாகிச் செல்வதால், உறைவதைத் தடுக்கும் திரவத்தை அதில் இடுதல் பயனற்றது. அதனை ஒவ்வொரு மாலையும் வடித்தலே வழி. மூடிய றேடியேற்றருள்ள இயந்திரத்தில் கடைகளில் கூலன்ட் என விற்கப்படும் திரவத்தைப் பயன்படுத்தலாம். எதிலீன் கிளைக்கோல் 1 பங்குக்கு நீர் 3 பங்கு கலந்த கலவை ஏறத்தாழ 0 பாகைக்குக் கீழே 11 பாகை வரை உறையாது. நுவரெலியாவின் குளிருக்கு இது போதும். விற்கப்படும் திரவம் முன்னரே நீர் கலந்ததாயின் மேலும் நீர் சேர்க்கலாகாது. கலத்தின் மேலுள்ள குறிப்பை வாசித்தே பயன்படுத்த வேண்டும்.

எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு. இனிப்புச் சுவையுடையதாதலால் நாய், மாடு, சிறு பிள்ளைகள் இதனை விரும்பி அருந்தக்கூடும். வடித்த திரவத்தை ஓடையிலோ நிலத்திலோ ஊற்றாது, மூடிய கலத்தில் பாதுகாக்க வேண்டும். குடிநீர்ப் போத்தல்களில் இதனை வைத்தல் எக்காரணத்தாலும் கூடாது.

நீரை வடித்த இயந்திரத்தின் தொடக்கற் கைப்பிடியில் “நீர் இல்லை” என எழுதிய பலகைத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். விடியலின் அவசரத்தில் வேறொருவர் வந்து நீரின்றி இயந்திரத்தை ஓட்டினால், உறைபனியால் வரும் கேட்டிலும் பெரிய கேடு உண்டாகும். பற்றரியுள்ள இயந்திரமாயின் அதனை முழுமையாக மின்னேற்றி வைத்தல் வேண்டும். நிறைந்த பற்றரி இந்நாட்டின் எந்தக் குளிரிலும் உறையாது. முற்றாக இறங்கிய பற்றரியின் திரவமோ 0 பாகைக்குக் கீழே சில பாகைகளிலேயே உறைந்துவிடும்.

தெளிகருவியும் மருந்துகளும்

தெளிகருவியில் மிகுதி மருந்தை இரவில் விட்டு வைத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் கருவியைக் கழுவி, மூக்கைக் கழற்றி, உள்ளே எஞ்சிய நீர் முழுவதும் வெளியேறும்வரை அடித்து, தண்டைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். கழுவிய நீர் ஓடையிற் கலவாதிருத்தல் அவசியம். எண்ணெய்க் கலவையாக உள்ள சில பூச்சி மருந்துகள் உறைந்து உருகிய பின்னர் பிரிந்து, பயனற்றதாகவோ பயிரைக் கருக்குவதாகவோ மாறக்கூடும். ஆதலால் அவற்றைத் தோட்டத்துக் கொட்டிலில் விடாது, உறைபனி புகாததும் பூட்டக்கூடியதும் உணவுப் பொருள் வையாததுமான அறையில் வைத்தல் வேண்டும்.

மூடி வைத்தல்

எடுத்துச் செல்லக்கூடிய பம்பியை வீட்டுக்கோ மேட்டிலுள்ள கொட்டிலுக்கோ கொண்டு செல்வது யாவற்றிலும் சிறந்தது. இயலாதவிடத்து, மேலே தகரமோ கிடுகோ வேய்ந்த சிறு கூரை அமைக்கலாம். அடிப்பாகம் திறந்த பலகைப் பெட்டியால் பம்பியை மூடுதலும் நன்று. பகலில் மண் பெற்ற வெப்பம் கீழிருந்து எழுந்து பெட்டியினுள் தங்கும். பெட்டியின் மேல் உலர்ந்த சாக்குகளை இடலாம்; நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது.

மூடுதல் வடித்தலுக்கு ஈடாகாது. நீர் நிறைந்த பம்பியைச் சாக்கால் போர்த்திவிட்டு நிம்மதியாக உறங்குதல் கூடாது. சூடு ஆறாத இயந்திரத்தின் மேல் சாக்கையோ வைக்கோலையோ இடலாகாது. விளக்கு, கரிச்சட்டி முதலியவற்றைப் பம்பிக்கு அருகில் ஏற்றி வைத்தலும் ஆகாது. எரிபொருள் ஆவியில் தீப்பற்றினால் பம்பியும் கொட்டிலும் ஒருங்கே அழியும்.

காலையில் செய்ய வேண்டியவை

கயிற்றை வலித்து இழுக்குமுன், மெதுவாக இழுத்துச் சில்லு தடையின்றிச் சுழல்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். மின்பம்பியாயின் ஆளி நிறுத்தப்பட்ட நிலையில் விசிறி மூடிப் பக்கமாகத் தண்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இறுகியிருப்பின் வலிந்து திருப்பலாகாது. கை பொறுக்கும் இளஞ்சூடான நீரைப் பம்பியின் உடலின் மேல் சிறிது சிறிதாக ஊற்றினால் உட்பனி உருகும். கொதிநீரை ஊற்றினால் குளிர்ந்த வார்ப்பிரும்பு திடீரென விரிந்து வெடிக்கும். தீப்பந்தம் காட்டுதல் எவ்விதத்திலும் தகாது.

சில்லு தடையின்றிச் சுழன்ற பின்னர் வடிப்புத் திருகை இறுக்கி, வீட்டிலிருந்து கொணர்ந்த நீரை ஊற்றி நிரப்பி, நீரூற்றுத் திருகையும் மூட வேண்டும். நிரப்பும்போதே உடலில் எங்கேனும் நீர் கசிகின்றதா எனக் கவனித்தால் மயிரிழை போன்ற வெடிப்பும் புலப்படும். இயந்திரம் தொடங்கியதும் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் இளகிய பின்னரே முழு வேகத்துக்கு உயர்த்துதல் வேண்டும். குளிரில் தடித்த எண்ணெய் எல்லாப் பாகங்களுக்கும் உடனே செல்லாது என்பதை மறக்கலாகாது. இவற்றுக்கெல்லாம் செல்லும் நேரத்தைக் கணக்கிட்டு, நீர் தெளிக்க வேண்டிய நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே பம்பியிடம் சென்றிருத்தல் வேண்டும்.

தாழ்நிலத்து நெற்செய்கையாளருக்கு

நெல் விளையும் தாழ்ந்த பகுதிகளில் நீர் உறையும் குளிர் இல்லை. எனினும் பம்பியில் நீரைத் தங்கவிடுதல் அங்கும் நன்றன்று. போகம் முடிந்து அடுத்த போகம் வரை மாதக்கணக்கில் நிற்கும் பம்பியில் தேங்கிய நீர் சில்லையும் உறையையும் துருவால் பிணைத்துவிடும். விளைவு உறைவது போன்றதே. ஆகவே போக முடிவில் மேற்கூறியவாறு நீரை வடித்து, சில்லைச் சுழற்றி உலர்த்தி, எரிபொருளையும் வெளியேற்றி, பம்பியை நிழலில் வைத்தல் வேண்டும். பல்லிரும்புப் பெட்டியின் எண்ணெய் பால் போல வெளுத்திருப்பின், வயல் நீர் உட்புகுந்துள்ளது எனக் கொண்டு, கசியும் வளையத்தை மாற்றிப் புதிய எண்ணெய் இடுதல் அவசியம்.

சுருக்கம்

உறைபனியைத் தடுத்தல் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது. ஆனால் அது தாக்கும் பொருளில் நீர் இல்லாதிருக்கச் செய்தல் எவராலும் இயலும். மாலையில் வடித்தல், திருகுகளைப் பேணியில் கட்டி வைத்தல், தாங்கியை நிரப்புதல், காலைக்கு வேண்டிய நீரை வீட்டினுள் வைத்தல் ஆகிய நான்கும் தவறாது செய்யப்படின், பாத்திகள் வெளுத்துக் கிடக்கும் காலையிலும் பம்பி ஓடும். பம்பியின் வகைக்கேற்ற வடிப்பு முறைகள் பற்றியும், பயிருக்கு உறைபனிக் காப்பு அளிப்பது பற்றியும் மேலும் அறிய விரும்பும் கமக்காரர், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைப் பனிக்காலம் தொடங்குமுன்னரே அணுகி ஆலோசனை பெறுதல் நன்று.